மல மாதிரியும் ஒரு சாட்சியம்

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குழந்தைகள் வாந்தி, வயிற்றுப்போக்கால் அவதியுற்றனர். குடிநீரை ஐயுற்றுத் தேடியபோதுதான் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. காவல்துறை தலித்துகள் மூவர் மீதே குற்றம் சாட்டியது. ஊர்மக்கள் அதனை ஏற்கவில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்பகுதிக் குடியிருப்புகளுக்கும் இதில் பாடமுண்டு: முதல்நாள் மாதிரிகளே வலுவான சான்று. ஒரே தெருவில் பலர் நோயுற்றால், ஆன்டிபயாடிக் தொடங்குமுன் மல மாதிரியைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பக் கோருவோம். அன்றே குழாய்நீரையும் சோதிக்கக் கோருவோம். பட்டியல் சாதியினரின் நீராதாரத்தைப் பிறர் அசுத்தப்படுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி குற்றம். வெறும் மாத்திரையோடு திரும்பினால் நோய் தீரலாம். சாட்சியமும் அத்துடன் அழியும்.