கடற்கரைக்குப் பெட்டி அடுக்கும்போது

மாதர் பகுதி



மார்கழியில் பாடசாலைகள் மூடியதும் நம்மவர் குடும்பங்கள் பல கடற்கரைக்குப் புறப்படுகின்றன. மெல்பேர்ண் அன்பர்கள் லோர்ண், அப்பலோ பே, போர்ட் கம்பெல் பக்கம் செல்வர். சிட்னி அன்பர்கள் ஹெலன்ஸ்பேர்க்கில் வேங்கடேசுவரரைத் தரிசித்துவிட்டு ஸ்ரான்வெல் பார்க் கடற்கரைக்கு இறங்குவர். கோடைதானே என்று மெல்லிய சட்டைகளை மட்டும் அடுக்கிச் சென்றவர்கள் முதல் நாளே நடுங்குவதும் உண்டு.

இங்கு வெப்பத்தைத் தீர்மானிப்பது காற்று. பாலைநிலத்திலிருந்து வடகாற்று வீசும்வரை 35 பாகைக்கு மேல் கொதிக்கும். தென்சமுத்திரக் காற்று வந்து சேர்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் 15 பாகையும் குறையலாம். இதனை விக்டோரியாவில் 'கூல் சேஞ்ச்' என்றும், சிட்னியில் 'சதேர்லி பஸ்ரர்' என்றும் சொல்கின்றனர். கடல் நீரும் அப்படியே. கீரிமலைக் கடலில் நெடுநேரம் நீராடிப் பழகியவர்களுக்கு, கோடையிலும் 17, 18 பாகையில் நிற்கும் விக்டோரியாக் கடல் புதிது.

ஆகவே தடித்த கோட்டு ஒன்றைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியக்கூடிய மூன்று உடைகள் நல்லவை: உள்ளே பருத்திச் சட்டை, அதன்மேல் மெல்லிய கம்பளிச் சட்டை, வெளியே காற்றும் மழையும் புகாத, தலைமூடியுள்ள மேற்சட்டை. இக்காற்றில் குடை நிற்காது. நனைந்த பருத்தி உடற்சூட்டை இழுத்துவிடும். ஆதலால் பிள்ளைகள் நீரிலிருந்து ஏறியதும் உடை மாற்றுதல் அவசியம். ஆளுக்கொரு துவாயும் ஒரு முழு மாற்றுடையும் தங்குமிடத்தில் அல்ல, காரிலேயே இருக்கட்டும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மம்மா, தாத்தாமாரை மறக்க வேண்டாம். சேலைக்கும் வேட்டிக்கும் உள்ளே நீளக் காற்சட்டை, காலுக்குக் கம்பளி மேஸ், காதை மூடும் தொப்பி ஆகியவற்றை எடுத்துவையுங்கள். குளிர்கிறதென்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

சகோதரிகளுக்கு ஒரு முக்கிய வேண்டுகோள். கால் நனைக்கத்தானே என்று சேலையோடு அலையில் இறங்காதீர்கள். நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொள்ளும், பாரமாகும், நீரோட்டம் இழுத்தால் எழ முடியாது. கையும் காலும் மூடிய நீச்சலுடைகள் கடைகளில் உண்டு. அடக்கமாகவும் இருக்கும், விரைவில் உலரும். எதை அணிந்தாலும், உயிர்காப்பாளர் நாட்டிய சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டுமே இறங்குங்கள்.

குளிராக இருப்பதால் வெயில் சுடாது என்று எண்ண வேண்டாம். மேகத்தினூடாகவும் புற ஊதாக் கதிர் இறங்கும். விக்டோரியாவில் 1981இல் தொடங்கிய 'ஸ்லிப், ஸ்லொப், ஸ்லாப்' பிரசாரம் சொன்னதும் இதற்காகவே: சட்டை அணி, களிம்பு பூசு, தொப்பி போடு. தொப்பிக்கு நாடி நாடா இருந்தால் பறக்காது.

புறப்படும் காலையில் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். அன்றைய உச்ச வெப்பத்தோடு, காற்று மாறும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 36 பாகை என்று போட்டிருந்தாலும், மாற்றம் பிற்பகல் மூன்று மணிக்கென்றால் அம்மாலைக்குக் கம்பளி வேண்டும்.

பயணம் இனிதே அமைய எல்லாம்வல்ல முருகன் அருள்புரிவானாக.