கேட்டு, குறித்து, கடிதம் எழுதுகிறவர்கள்



ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், பாட்டுக் கேட்பேன், படம் பார்ப்பேன், கதை படிப்பேன் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். எல்லாம் நல்ல பழக்கங்களே. ஆனால் சிலர், எதிரே இருப்பவர் என்ன நினைப்பாரோ என்று கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொல்கிற பதில்கள் உண்டு. எனக்கு அவற்றின் மேல்தான் ஆசை அதிகம். சிவகாசித் தீப்பெட்டிகளின் படங்களை வருடக்கணக்காகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இரவில் விளக்குக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி கட்டி, அதில் வந்து அமரும் அந்துப்பூச்சிகளை இனம் பிரித்துக் குறித்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த மாதம் என் பக்கத்தை அப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்குக் கொடுக்கிறேன். சிற்றலை வானொலி கேட்பவர்கள் அவர்கள்.

வானொலி கேட்பதில் என்ன புதுமை என்று தோன்றலாம். இலங்கை வானொலியில் மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பேசக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர். ஆனால் இவர்கள் பாட்டுக்காகவும் செய்திக்காகவும் மட்டும் கேட்பவர்கள் அல்ல. இரவுச் சாப்பாடு முடிந்ததும் வானொலிப் பெட்டியோடு மொட்டை மாடிக்குப் போவார்கள். 31 மீட்டர், 25 மீட்டர் என்று ஒவ்வொரு பட்டையாக, முள்ளை மயிரிழை அளவு நகர்த்திக்கொண்டே போவார்கள். இரைச்சலுக்கு அடியில் ஒரு குரல் கேட்கும். எந்த மொழி, எந்த நாடு என்று தெரியாது. நிலையத்தின் அடையாள இசையோ பெயரோ வரும்வரை காத்திருப்பார்கள். சில நேரம் பெயர் வருவதற்குச் சற்று முன்னால் அலை மங்கிப் போய்விடும். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் உட்காருவார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அவர்களுடைய நோட்டுப்புத்தகம். தேதி, அலைவரிசை, நேரம் எல்லாம் அதில் இருக்கும். நேரத்தை நம் கடிகாரப்படி எழுதமாட்டார்கள். அதிலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து, உலகப் பொது நேரத்தில் எழுதுவார்கள். அடுத்து ஐந்து எண்கள். ஒலியின் வலிமைக்கு ஒன்று, பக்கத்து நிலையத்தின் குறுக்கீட்டுக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று, அலை ஏறி இறங்குவதற்கு ஒன்று, மொத்தத் தரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பு. எல்லாமே ஐந்தாக இருந்தால் பக்கத்து வீட்டில் பேசுவதுபோலத் தெளிவு என்று பொருள். பிறகு, அரை மணி நேரத்தில் என்னென்ன கேட்டது என்று நிமிட வாரியாக எழுத வேண்டும். ‘நிகழ்ச்சி அருமை’ என்று மட்டும் எழுதினால் நிலையம் ஒப்புக்கொள்ளாது. நீங்கள் கேட்டது அவர்களைத்தான் என்பதற்கு அந்தக் கடிதத்துக்குள்ளேயே சான்று வேண்டும். சான்று சரியாக இருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ க்யூ.எஸ்.எல். அட்டை என்ற வண்ண அட்டை தபாலில் வரும். இன்ன தேதியில், இன்ன அலைவரிசையில் எங்களைக் கேட்டீர்கள் என்று உறுதிசெய்யும் அட்டை.

அட்டையை மட்டும் குறிவைத்து அலைபவர்களும் உண்டு. அதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தப் பழக்கத்தின் உயிர் அட்டையில் இல்லை, கடிதத்தில்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் ஒலிபரப்பு செய்கிற பொறியாளருக்குத் தன் ஒலி இங்கே எப்படிக் கேட்கிறது என்று தானாகத் தெரிய வழியில்லை. சிற்றலை நிலையங்கள் மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் தங்கள் அலைவரிசைகளை மாற்றிக்கொள்ளும். அதற்கு இப்படி எங்கிருந்தெல்லாமோ வரும் குறிப்புகளும் உதவின. நம்மூர்க் கிராமத்து நேயர் ஒருவர் தபால் செலவையும் தானே ஏற்று, யாரும் கேட்காமலேயே இந்த வேலையைச் செய்து அனுப்பினார். வாசகர் கடிதங்களை நம்பி வாழ்கிற பத்திரிகைக்காரனுக்கு இவர்கள் மேல் தனிப் பிரியம் வருவது இயல்புதானே!

இதெல்லாம் எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 1912இல் அமெரிக்க அரசு வானொலிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அலைநீளம் 200 மீட்டருக்குக் குறைவான அலைகளால் பயனில்லை என்பது அன்றைய எண்ணம். ஆகவே தனிப்பட்ட ஆர்வலர்களை அந்த மூலைக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஆர்வலர்கள் விடவில்லை. 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்கர் கடல் தாண்டி ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரைக்குப் போனார். குளிரிலும் மழையிலும் கூடாரம் போட்டு, நீளமான கம்பியைக் கட்டிவிட்டு உட்கார்ந்தார். கனெக்டிகட்டிலிருந்து ஆர்வலர் நிலையம் ஒன்று அனுப்பிய சங்கேதம் அவர் காதில் விழுந்தது. 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரத்து லியோன் தெலோயும் அமெரிக்காவின் ஃப்ரெட் ஷ்னெலும் அட்லாண்டிக்குக்கு இரு கரையிலிருந்தும் பேசிக்கொண்டார்கள். பயனற்றது என்று தள்ளிவைத்த அலைதான் உலகத்தைச் சுற்றிவரும் அலை என்பதை இப்படி ஓய்வு நேரக்காரர்கள்தாம் காட்டிக்கொடுத்தார்கள். 1932இல் பி.பி.சி. தன் உலக ஒலிபரப்பைத் தொடங்கியது சிற்றலையில்தான்.

இந்த அலை அவ்வளவு தூரம் போவதற்குக் காரணம் வானத்தில் இருக்கிறது. சூரிய ஒளி பட்டு மேல்வளியில் அயனி மண்டலம் உருவாகிறது. சிற்றலை அதில் பட்டு வளைந்து தரைக்குத் திரும்பி, மறுபடி மேலே போய், இப்படியே கண்டம் கடக்கும். அயனி மண்டலத்தின் கீழடுக்கு பகலில் தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும். இருட்டியதும் அது மறைந்துபோகும். அதனால்தான் பகலில் வெறும் இரைச்சலாக இருந்த இடத்தில் இரவில் குரல்கள் முளைக்கின்றன. சூரியனில் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும்போது அயனி மண்டலமும் மாறும்; அதுவும் சிற்றலை நேயர்களுக்குத் தங்கள் நோட்டுப்புத்தகத்திலேயே தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் சிற்றலை கேட்பது தனியாள் பழக்கமாக மட்டும் நிற்கவில்லை. சீன வானொலி 1963இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. தமிழ் கற்று, தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட சீனர்கள் அதில் பேசினார்கள். அவர்களுக்கு எழுதுவதற்கென்றே சிற்றூர்களில் நேயர் மன்றங்கள் அமைந்தன. பிலிப்பைன்ஸின் மணிலாவிலிருந்து வேரித்தாஸ், ரோமிலிருந்து வத்திக்கான் வானொலி, லண்டனிலிருந்து பி.பி.சி.யின் தமிழோசை என்று ஒவ்வொன்றுக்கும் நேயர்கள் இருந்தார்கள். வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறை வந்தால் தபால்காரர் உட்பட ஊரே விசாரிக்கும். பலருக்கு உலகப் படத்தைப் பள்ளிக்கூடத்தைவிட அந்த உறைகளே நன்றாகச் சொல்லிக்கொடுத்தன.

கேட்பதோடு நிற்காமல், தேர்வு எழுதி மத்திய அரசின் உரிமம் பெற்றுத் தாங்களே பேசுகிறவர்கள் ஹாம் வானொலிக்காரர்கள். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் வானொலியாளர் தம் குழுவினரோடு அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தார். பல ஆண்டுகளாக ஆர்வலர்களுக்கு அனுமதி கிடைக்காத தீவுகள் அவை. உலகெங்கும் உள்ளவர்களோடு பேசி மகிழ வேண்டும் என்பதற்காகத்தான் அனுமதி வாங்கிப் போயிருந்தார்கள். 26ஆம் தேதி காலையில் சுனாமி வந்தது. தொலைபேசிகள் செயலிழந்த நிலையில், அந்தப் பொழுதுபோக்குக் கருவிகள் வழியாகத் தீவுகளின் நிலைமை வெளியே போனது. உறவினர்களைப் பற்றிய செய்திக்காகத் தவித்தவர்களுக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது.

இன்று நிலையங்கள் குறைந்துவிட்டன. 1941இல் தொடங்கிய தமிழோசை வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நின்றது. அடுத்த ஆண்டு வேரித்தாஸும் சிற்றலையை விட்டது. இணையம் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால், மூடப்பட்ட ஒவ்வொரு நிலையத்தோடும் அதற்குக் கடிதம் எழுதிய ஒரு கூட்டமும் கலைந்துபோனது என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆனாலும் காற்று இன்னும் காலியாகவில்லை. வீட்டுப் பரணில் சிற்றலைப் பட்டையுள்ள பழைய பெட்டி இருந்தால் எடுத்துத் துடையுங்கள். பத்து மீட்டர் செம்புக் கம்பியை மாடியில் கட்டி ஏரியலில் இணையுங்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் வேண்டாம், இடி மின்னல் நாளில் கழற்றிவிடுங்கள். எல்.இ.டி. விளக்கும் கைப்பேசி சார்ஜரும் இரைச்சலைக் கூட்டும். கொஞ்ச நேரம் அணைத்துவையுங்கள். இரவில் 9400 முதல் 9900 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாகத் தேடுங்கள். பெட்டி இல்லாதவர்களுக்கு நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஒரு வானொலிப் பெட்டி இருக்கிறது. அதன் முள்ளை இங்கிருந்தே கணினி வழியாகத் திருப்பிக் கேட்கலாம்.

பழைய க்யூ.எஸ்.எல். அட்டைகளும் நேயர் மன்றப் படங்களும் வைத்திருப்பவர்கள் படியெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, கூட யார் யார் கேட்டார்கள் என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். தீப்பெட்டிப் படக்காரர்களும் அந்துப்பூச்சிக்காரர்களும், நான் கேள்விப்பட்டிராத வேறு ஆர்வம் உள்ளவர்களும் தயங்காமல் எழுதலாம். வருகிற இதழ்களில் அதற்குப் பக்கம் ஒதுக்கிவைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்