மஃப்ளர் மருமகன்

அக்கா மகன் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். கழுத்தில் மஃப்ளர். சென்னையில், மே மாதத்தில், மத்தியானம் இரண்டு மணிக்கு மஃப்ளர்!

"என்னடா, டான்சிலா?" என்றேன்.

"ஏமாத்திட்டானுங்க மாமா" என்று மெதுவாக அவிழ்த்தான். தாடைக்குக் கீழே, கட்டம் கட்டமாக, தோசைக்கல் சுட்ட மாதிரி கறுப்புத் தடங்கள். அடுத்த மாசம் கல்யாணம்.

பையன் மைனர் மாப்பிள்ளை எல்லாம் இல்லை. கிளையன்ட்டைப் பார்க்கிற வேலை, தினம் ஷேவ் பண்ணியாக வேண்டும். இவனுக்குச் சுருட்டை முடி. சிரைத்த முடி வளையும்போது திரும்பித் தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு போய், கழுத்தெல்லாம் கொப்புளம். பல பேருக்கு இருக்கிற தொந்தரவுதான். லேசர் இதற்கு நிஜமாகவே நல்ல வைத்தியம். ஆறு சிட்டிங் பேக்கேஜ், பணம் அக்காவுடையது.

முதல் சிட்டிங் முடிந்து பத்தே நாளில் முடி தானாக உதிர்ந்து கழுத்து வழுவழு. "ஒரு சிட்டிங்கே போதும், மிச்சம் அஞ்சும் பணம் புடுங்கத்தான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். இரண்டு மாசத்தில் முடி திரும்பி வந்தது. ஆத்திரத்தோடு போய், "பவரை ஏத்தி ஒரேயடியா முடிச்சு விடுங்க" என்றிருக்கிறான். மெஷின் பிடித்தவரும் மறுபேச்சில்லாமல் ஏற்றிவிட்டார். டாக்டர் அந்தப் பக்கமே வரவில்லையாம்.

ஏன் ஆறு தடவை? ஆபீசர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

உங்கள் ஆபீசில் நாற்பது பேர். மேலதிகாரி திடீரென்று ரெய்டு வருகிறார். யார் மாட்டுவார்கள்? சீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிற அப்பாவி. டீக்குப் போனவனும், ஒரே மாமியாரின் சாவுக்கு மூன்றாவது தடவை லீவு போட்டவனும் தப்பித்துவிடுவார்கள்.

முடியும் அப்படித்தான். ஒவ்வொரு வேருக்கும் ஒரு வேலைக் காலம், ஒரு மூட்டை கட்டும் காலம், ஒரு ஓய்வுக் காலம். அனாஜென், கேட்டஜென், டீலோஜென் என்று பெயர். குளிர்நாட்டு நாய்க்கு சீசன் வந்தால் கொத்தாகக் கொட்டும். மனுஷ முடிக்கு அந்த யூனியன் ஒற்றுமை கிடையாது, பக்கத்து வேர் என்ன செய்கிறது என்று பார்க்காமல் அதது இஷ்டத்துக்கு லீவு. தலையில் எந்த நேரத்திலும் 85 முதல் 90 சதவீதம் டியூட்டியில் இருக்கும். கை, கால்களில் தூங்குமூஞ்சிகள்தான் மெஜாரிட்டி.

லேசர் டியூட்டியில் இருப்பதைத்தான் பிடிக்கும். காரணம், அதற்கு முடி தெரியாது, கறுப்புதான் தெரியும். முடியின் மெலனின் வெளிச்சத்தைக் குடித்துச் சூடாகிறது. அந்தச் சூடு பரவிப் போய், முடியைத் திரும்ப முளைக்க வைக்கிற செல்களை வேகவைக்க வேண்டும். அந்த செல்களுக்கு நிறமே கிடையாது என்பதால் நேரடியாகச் சுட முடியாது. பக்கத்து வீட்டு நெருப்பில்தான் வேகணும். வளர்கிற காலத்தில் அடிவேர் முழுக்க மெலனின், அதிலிருந்து முடி கம்பி மாதிரி மேலே வருகிறது. நெருப்பு நன்றாகப் பற்றும். ஓய்வுக் காலத்தில் கலர் ஃபேக்டரி லாக்-அவுட். முடி பார்வைக்கு இருக்கும், ஆனால் அடிவேரோடு தொடர்பு அறுந்த வெறும் குச்சி. பஸ் சீட்டில் துண்டு போட்டுவிட்டு ஆள் இறங்கிப் போன கதை. நீங்கள் துண்டைக் கொளுத்தலாம். ஆள் அடுத்த ஸ்டாப்பில் ஏறிக்கொள்வான்.

இவனுடைய வழுவழு கழுத்தும் பாதி அந்தத் துண்டு எரிந்த சந்தோஷம்தான். அதனால்தான் முகம், கழுத்துக்கு 4 முதல் 6 வாரம் விட்டு வரச் சொல்கிறார்கள், உடம்புக்கு இன்னும் கூட. தூங்குகிறவன் எழுந்து சீட்டுக்கு வரட்டும் என்று காத்திருப்பது அது. வாரா வாரம் போய் நின்றால் கிளினிக்கின் ஏசிக் காற்றுதான் லாபம். சீட்டில் பிடிபட்டவர்களிலும் சில பேர் சாவதில்லை, மயங்கி விழுந்து பூனை முடியாகத் திரும்புவார்கள். ஆறிலிருந்து எட்டு என்பது இப்படி வந்த கணக்கு.

சரி, பவரை ஏற்றினால் என்ன? நம் தோலிலும் அதே மெலனின்தானே இருக்கிறது! எங்கள் குடும்பத்தில் தாராளமாகவே. லேசருக்கு அதுவும் கறுப்பு, இதுவும் கறுப்பு. தப்பிக்கும் வழியை 1983-ல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் 'சயன்ஸ்' பத்திரிகையில் எழுதினார்கள். கடுகு சட்டென்று ஆறும், உருளைக்கிழங்கு ஆறாது. தோலின் மெலனின் துணுக்கு கடுகு, முடிவேர் உருளைக்கிழங்கு. சில மில்லிசெகண்டுகளுக்கு அளந்து சூடு கொடுத்தால் கடுகு ஆறிவிடும், கிழங்கு வெந்துவிடும். கறுப்புத் தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் உத்தமம். மெலனினை அவ்வளவாகச் சீண்டாமல் ஆழமாக இறங்கும். கூடவே மேல்தோலைக் குளிர வைத்துக்கொண்டே சுட வேண்டும். அளவு மீறினால் கடுகும் கருகும். மருமகன் கழுத்தில் நடந்தது அது.

சூடு போதாவிட்டாலும் வம்பு. தூங்குகிற வேரை எழுப்பிவிட்டு, தாடையில் முடி கூடினவர்களும் உண்டு. ஆகவே தோல் டாக்டர் இருக்கிற இடமாகப் பாருங்கள். முதலில் ஒரு ஓரத்தில் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போகும் முன் ஷேவ் பண்ணலாம். வேக்ஸ், த்ரெட்டிங் கூடாது, கம்பியையே பிடுங்கிவிட்டால் எதைச் சுடுவது? விளம்பரத்தில் 'நிரந்தரம்' என்று இருந்தால், நிரந்தரமாக எது என்று கேளுங்கள். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதிக்கிற வார்த்தை நிரந்தரக் குறைப்பு. அடியோடு ஒழிப்பு அல்ல.

மருமகனை ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். "தடம் மங்கும். ஆனா மாசக்கணக்குல ஆகும். வெயில் படக் கூடாது. இப்போதைக்கு லேசர் பக்கமே போகாதீங்க" என்றார்.

"கல்யாணத்துக்குள்ள, சார்?"

டாக்டர் காலண்டரைப் பார்த்தார். "பொண்ணு வீட்டுல சொல்லியாச்சா?"

சொல்லவில்லை. அன்று சாயங்காலமே, என் எதிரிலேயே போன் பண்ணினான். அந்தப் பெண் ஒரு நிமிஷம் சிரித்துவிட்டு, "அப்ப தாடியோடயே வாங்க. குத்துதான்னு நான் பார்த்துக்கறேன்" என்றதாம். மாமனான நான் பால்கனிக்குப் போய்விட்டேன்.

டாக்டரிடம் இருக்கும்போதே என் காது முடியைப் பற்றியும் விசாரித்து வைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எல்லாம் வெள்ளை சார். லேசருக்கு நீங்க கண்ணுக்கே தெரிய மாட்டீங்க. கத்தரிக்கோல்தான்."