வெடிகளைப் பொதுமக்களுக்கு விற்பது தகுமா?

தீபாவளியை ஒட்டி இந்தியாவின் நகரங்களிலும் பெரிய கிராமங்களிலும் தற்காலிகப் பட்டாசுக் கடைகள் எழும்புகின்றன. அவை எவ்வாறு அமைய வேண்டும் என்பதை 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் நுட்பமாக வரையறுத்துள்ளன. கொட்டகை எளிதில் தீப்பற்றாத பொருளால் ஆனதாக இருத்தல் வேண்டும். ஒரு கடைக்கும் மற்றொன்றுக்கும் இடையே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி விடப்படல் வேண்டும். கடைகள் ஒன்றையொன்று நோக்கி அமைதலாகாது. குடியிருப்பு முதலிய பாதுகாக்கப்பட வேண்டிய இடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருத்தல் வேண்டும். எண்ணெய் விளக்கோ, வாயு விளக்கோ, மறைப்பற்ற சுடரோ அருகில் வரலாகாது. ஒரே தொகுதியில் 50 கடைகளுக்கு மேல் அனுமதி இல்லை.

இத்துணைக் காவலையும் கடந்து ஒரு பெட்டி வாங்குவோர் கைக்கு மாறுகிறது. மாறிய கணத்திலிருந்து அதனைக் கண்காணிப்பார் எவருமிலர். கடையில் ஒரு சுடர்விளக்கின் அருகே கூட வைக்கலாகாது என்று கருதப்பட்ட அதே பெட்டி, அன்று மாலை ஒரு வீட்டுச் சமையலறையின் பரணில், அடுப்புக்கு மேலே இடம் பெறுகிறது. மறுநாள் விடியற்காலையில் ஊதுபத்தியுடன் அதன் திரியை நெருங்குபவன் பத்து வயதுச் சிறுவன். செய்பவருக்கு லைசென்ஸ் உண்டு. சேமிப்பவருக்கும் விற்பவருக்கும் லைசென்ஸ் உண்டு. ஏற்றிச் செல்வதற்கும் விதிகள் உண்டு. கொளுத்துபவரிடம் மட்டும் எவ்விதத் தகுதியும் கேட்கப்படுவதில்லை.

வெடிகளைப் பொதுமக்களுக்கு விற்கலாமா, கூடாதா என்னும் விவாதம் ஆண்டுதோறும் எழுந்து, பண்டிகை கழிந்ததும் அடங்கிவிடுகிறது. ஒரு சாரார் எல்லாவற்றையும் தடை செய்ய வேண்டும் என்கின்றனர். மற்றொரு சாரார் பண்டிகை மகிழ்ச்சியில் எவரும் தலையிடலாகாது என்கின்றனர். இரு சாராரும் ‘பட்டாசு’ என்னும் ஒரே சொல்லுக்குள் தன்மையில் மிகவும் வேறுபட்ட பல பொருள்களை அடக்கிப் பேசுவதே இவ்விவாதம் முடிவு காணாமைக்குக் காரணம் எனலாம். எந்தப் பொருள் விற்பனை மேசையைத் தாண்டி வீட்டுக்குச் செல்லத்தக்கது, எது செல்லத்தகாதது என்று வகுத்து நோக்கினால் வழி தெளிவாகும்.

பட்டாசு வெளிச்சத்துக்காகச் செய்யப்படலாம், ஓசைக்காகச் செய்யப்படலாம், வானில் ஏறிச் சென்று வெடிப்பதற்காகவும் செய்யப்படலாம். மூன்றிலும் அடிப்படை ஒன்றே. எரியும் பொருளும் அதற்குப் பிராணவாயு அளிக்கும் உப்பும் நெருங்கக் கலக்கப்படுகின்றன. பழைய கருமருந்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இம்மருந்து திறந்த வெளியில் எரியும்போது புகையும் சுடரும் தருகிறது. அதனையே காகிதச் சுருளில் இறுக்கி, சணல் நூலால் சுற்றிக் கட்டிவிட்டால், உண்டாகும் வாயு வெளியேற வழியின்றி உறையைக் கிழித்துக்கொண்டு பாய்கிறது. ஓசை என்பது இப்பாய்ச்சலால் காற்றில் எழும் அழுத்த அலையே. அலுமினியப் பொடி சேர்ந்த கலவையில் எரிதல் இன்னும் விரைவானது. ஆதலின் அலையும் கடுமையானது. கம்பி மத்தாப்பில் தவறு நேர்ந்தால் பெரும்பாலும் தோல் சுடுகிறது. ‘அணுகுண்டு’ என்று சிறுவர் அழைக்கும் வெடியில் தவறு நேர்ந்தால் விரல் போகிறது, விழி போகிறது. புகைந்து அணைந்துவிட்டதாகத் தோன்றும் திரியைக் குனிந்து பார்க்கச் செல்பவனுக்கு அக்கலவை இரண்டாவது வாய்ப்பு அளிப்பதில்லை.

இனி ஓசையின் அளவு நோக்கற்பாலது. 1999-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் வெளியிட்ட அறிவிப்பின்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் உச்ச அளவு 145 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசை தரும் வெடிகளைச் செய்யவோ விற்கவோ பயன்படுத்தவோ கூடாது. இதற்கு உட்பட்ட வெடி சட்டப்படி தகுதியுடையது. ஆனால் இத்தகைய திடீர் ஓசைக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் உச்ச வரம்பு பெரியோர்க்கு 140 டெசிபல், குழந்தைகளுக்கு 120 டெசிபல். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்தோறும் ஓசை ஏறக்குறைய 6 டெசிபல் குறையும் என்பது பௌதிகம் கற்பிக்கும் எளிய விதி. வரம்பின் உச்சியில் உள்ள ஒரு வெடி 4 மீட்டரில் 145 டெசிபல் தருமாயின், 8 மீட்டரில் 139, 16 மீட்டரில் 133, 32 மீட்டரில் 127, 64 மீட்டரில் 121 டெசிபல் தரும். அதாவது ஒரு குழந்தை 64 மீட்டர் விலகி நின்றும் வரம்பு எட்டப்படவில்லை. இந்தியக் குடியிருப்புத் தெருக்களில் எதிர் வீட்டுத் திண்ணை எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பதை அத்தெருவில் வாழ்வோர் அறிவர். இருபுறச் சுவர்களும் ஓசையைத் திருப்பி அனுப்புவதால், உண்மை நிலை இக்கணக்கினும் மோசமாதல் கூடும். தொட்டிலில் உறங்கும் சிசுவும், நோயுற்ற முதியவரும், தெரு நாயும் அத்தெருவில்தான் இருக்கின்றனர். அவர்களில் எவரும் அந்த வெடியை வாங்கியவரல்லர்.

வயதைப் பற்றிச் சட்டம் ஏற்கெனவே பேசியிருக்கிறது. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தில் பட்டாசும் வெடிபொருளே. 18 வயது நிறையாதவர் வெடிபொருளை வைத்திருத்தலாகாது என்றும், அத்தகையோர் என அறிந்தும் அவருக்கு விற்றலாகாது என்றும் அச்சட்டம் விதிக்கிறது. இவ்விதி ஏட்டில் உள்ளது. கடைத்தெருவில் அது நினைவுகூரப்படுவதில்லை.

வெளிச்சம் தரும் பட்டாசுகள் தீங்கற்றவை என்று கூறிவிடுதலும் தவறாகும். எரியும் கம்பி மத்தாப்பின் உஷ்ணம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தண்ணீர் கொதிக்க 100 டிகிரி போதும். பொறி அடங்கிய பின்னும் கம்பி நெடுநேரம் சுடும்; தரையில் எறியப்பட்ட கம்பியை வெறுங்காலுடன் மிதித்துச் சுட்டுக்கொள்ளும் குழந்தைகள் பலர். புஸ்வாணம் சில சமயம் பூச்சொரியாமல் வெடித்துவிடுவதுண்டு. குனிந்தவரின் முகமே அப்போது அதன் பாதையில் இருக்கும். ஓசையே இல்லாத ‘பாம்பு மாத்திரை’, நுண்துகள்களைக் கக்குவதில் சரவெடியையும் விஞ்சுவதாகப் புனேயில் நடந்த அளவீடு காட்டியது. ஆகவே ஓசையின்மை ஒன்றே தகுதியாகாது. பாம்பு மாத்திரை போன்ற பெரும்புகைப் பொருள்கள் விலக்கப்படல் வேண்டும். எஞ்சியவை வயது வந்தோர்க்கு மட்டும், எச்சரிக்கைகள் வட்டார மொழியில் அச்சிடப்பட்ட பெட்டிகளில், விற்கப்படல் வேண்டும். எனினும் ஒரு வேறுபாடு நிலைத்து நிற்கிறது. செருப்பும், பருத்தி உடையும், அருகில் ஒரு வாளித் தண்ணீரும், உடன் நிற்கும் பெரியவர் ஒருவரும் கம்பி மத்தாப்பின் அபாயத்தைப் பெரிதும் குறைத்துவிட இயலும். கையருகே வெடிக்கும் குண்டுவெடிக்கு இவற்றுள் எதுவும் பரிகாரமாகாது.

2018-ஆம் ஆண்டு அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, முழுத்தடையை ஏற்க மறுத்து, குறைந்த மாசுடைய பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. பேரியம் உப்புகளுக்கும் சரவெடிகளுக்கும் தடை விதித்தது. இணையவழி விற்பனையை நிறுத்தியது. தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரை என நேரம் வகுத்தது. இதனைத் தொடர்ந்து நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ‘பசுமைப் பட்டாசுகள்’ துகள் மாசினைக் குறைந்தது நூற்றுக்கு 30 பங்கு குறைப்பவை. இது பாராட்டத்தக்க விஞ்ஞானப் பணி. ஆயினும் அம்முயற்சியின் முதல் நோக்கம் காற்றின் தூய்மை. பெட்டியின் மேல் ‘பசுமை’ என்னும் சொல்லைக் கண்டு உள்ளிருக்கும் வெடி கைக்கும் கண்ணுக்கும் தீங்கற்றது என்று வாங்குவோர் எண்ணிவிடலாகாது. எஞ்சிய 70 பங்கு மாசு எஞ்சியே நிற்கிறது என்பதும் மறத்தற்குரியதன்று.

முழுத்தடையே தீர்வு என்போர்க்குத் தில்லியின் அனுபவம் பாடமாகும். அங்கு 2020 முதல் ஆண்டுதோறும் தடை விதிக்கப்பட்டும், தீபாவளி இரவுகளில் வெடியோசை ஓயவில்லை. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சில நாள்களுக்கு மட்டும், குறித்த நேரங்களில், பசுமைப் பட்டாசுகளுக்கு இடமளித்தது. பெய்ஜிங் நகரிலும் 1993-இல் கொணரப்பட்ட தடை 2005-இல் தளர்த்தப்பட்டது. மறைவாக விற்கப்படும் பொருளுக்குச் சோதனை இல்லை, முத்திரை இல்லை, பொறுப்பேற்பார் இல்லை. மக்கள் உள்ளத்தில் வேரூன்றிய வழக்கத்தை முற்றும் மறுக்கும் சட்டம், தான் காக்க விரும்பிய குழந்தையின் கையில் இன்னும் மோசமான வெடியைச் சேர்ப்பித்துவிடக் கூடும்.

ஆனால் அந்தப் பழைய வழக்கம் யாது என்பதும் ஆராயத்தக்கது. விஜயநகரத்தில் 1443-ஆம் ஆண்டு மகாநவமி விழாவைக் கண்ட பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் வாண வேடிக்கைகளைக் குறித்துள்ளார். ‘வாண வேடிக்கை’ என்னும் தமிழ்ச் சொல்லே அதன் இயல்பை உணர்த்தும். அது பார்ப்பதற்குரியது. தொழிலறிந்த வாணக்காரர் கொளுத்த, ஊரார் விலகி நின்று கண்டு களித்தனர். வீடுதோறும் வெடி வாங்கி வாயிலில் கொளுத்துவது, தொழிற்சாலை உற்பத்தி பெருகி விலை மலிந்த பின் பரவியது. வானில் ஏறும் வாணங்களையும் பேரோசை வெடிகளையும் பயிற்சி பெற்றோர்க்கு மட்டும் விற்று, நகராட்சியோ பஞ்சாயத்தோ ஒரு திறந்த மைதானத்தில் பொது வேடிக்கை நடத்துமாயின், அது பழைய மரபைக் கைவிடுவதாகாது, அதற்குத் திரும்புவதேயாகும். ஐரோப்பிய நாடுகளில் வாணங்கள் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, நான்காவது வகுப்பு பயிற்சி பெற்றோர்க்கே உரியதாக்கப்பட்டுள்ளது. அயர்லாந்தில் பொதுமக்கள் மிகக் குறைந்த அபாயமுள்ள முதல் வகுப்பை மட்டுமே வாங்க இயலும்.

பொது வேடிக்கையிலும் உயிர்கள் மாய்ந்ததுண்டு என்பர். உண்மை. 2016 ஏப்ரல் 10 அன்று கேரளத்தின் பரவூரில் புற்றிங்கல் கோயிலில் நேர்ந்த விபத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆனால் அந்த வேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும். ஓரிடத்தில், ஒரு நேரத்தில், பெயர் குறித்த பொறுப்பாளர் நடத்தும் நிகழ்ச்சியை அதிகாரிகள் உறுதியுடன் இருந்தால் தடுக்க இயலும், திருத்த இயலும். பல லட்சம் வாயில்களில் ஒரே இரவில் நிகழ்வதை எந்த அதிகாரியாலும் கண்காணிக்க இயலாது.

சிவகாசியின் வாழ்வை மறந்து இப்பொருளைப் பேசுதல் அறமாகாது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அதன் வழியில் பின்னர் பட்டாசுத் தொழில் வளர்ந்தது. மழை குறைந்த வறண்ட நிலத்தில் பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அத்தொழிலால் எரிகிறது. ஆனால் தொழிலாளரின் உயிரைக் கருதினாலும் மேற்கூறிய பிரிவினையே நலம் பயக்கும். கம்பி மத்தாப்பின் கலவை பசையாகக் குழைக்கப்பட்டு ஈரமாகக் கம்பியில் ஏற்றப்படுகிறது. வெடியின் மருந்தோ உலர்ந்த பொடி. சிறிய உராய்வும் அதற்குப் போதும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் மாண்டதை நாடு அறியும். தொழில் மாற்றத்தைத் தாங்காது என்னும் அச்சத்துக்கும் அனுபவமே விடை கூறும். குளோரேட்டையும் கந்தகத்தையும் கலத்தல் மிகக் கொடிய அபாயம் என்று 1992-இல் அரசாங்கம் தடை செய்தது. தொழில் நின்றுவிடவில்லை, வேறு கலவைகளுடன் தொடர்ந்தது. போதிய கால அவகாசமும் விஞ்ஞான உதவியும் அளிக்கப்படின், வெளிச்சப் பட்டாசுகளிலும் பொது வேடிக்கைக்கான வாணங்களிலும் அதே கைகளுக்கு வேலை இருக்கும்.

சட்டம் இவ்வாறு மாறும் வரை, ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் செய்யத்தக்கன சில உள. 4 மீட்டரிலிருந்து 64 மீட்டர் வரையிலான மேற்கண்ட கணக்கைப் பள்ளிக் கரும்பலகையில் எழுதி, மாணவர்களைத் தத்தம் தெருவின் அகலத்தை அளந்து வரச் செய்யலாம். 18 வயது விதியைக் கிராமக் கூட்டங்களில் வணிகர்களுக்கு நினைவூட்டலாம். தீச்சுட்ட இடத்தில் மையும் பற்பசையும் தடவாமல், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும் என்பதையும், கண்ணில் பொறி பட்டால் கசக்காமலும் அழுத்தாமலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் ஒவ்வொரு வீட்டிலும் கூறலாம். ஊருக்கு ஒரு மைதானத்தில் பொது வேடிக்கை நடத்தப் பஞ்சாயத்துகளைத் தூண்டலாம். கடைக்கு மூன்று மீட்டர் இடைவெளி வகுத்த அதே அக்கறை, அங்கு வாங்கிய பெட்டியைத் திறக்கும் சிறுவனையும் எட்டுதல் வேண்டும்.