‘பழுது’ சீட்டு ஒட்டும் முன்...

நம்ம கம்ப்யூட்டர் லேப் மூலையில் மூன்று கம்ப்யூட்டர்கள் ‘பழுது’ சீட்டோடு தூசி படிந்து கிடக்கின்றன. சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, விண்டோஸ் மட்டும் வராது. உடனே “போச்சுடா!” என்று முடிவு கட்டிவிடுகிறோம். மீதி மெஷின்களில் ஒரு கீபோர்டுக்கு நாலு பேர் அடித்துக்கொள்கிறோம். இது சரியா?

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பத்து நிமிஷம் நாமே பார்க்கலாம் என்பது என் கருத்து. யாராவது பென் டிரைவைச் செருகிவிட்டுப் போயிருந்தால் சில மெஷின் அதிலேயே விண்டோஸைத் தேடிக்கொண்டு நிற்கும். (எடுத்தால் போதும், செலவு பூஜ்யம்!) திரை கறுப்பாக இருந்து ‘பீப் பீப்’ என்று கத்தினால் முதல் சந்தேகம் ராம் மேல்தான். கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கேபினட் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, ராமைக் கழற்றுங்கள். அதன் தங்க நிறப் பற்களை பென்சில் அழிக்கிற ரப்பரால் மெதுவாகத் துடைத்து, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். தேதி தினமும் பழைய வருஷத்துக்கே ஓடினால் மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும்!

“ஃபார்மட் பண்ணிடலாம்” என்பவர்களை எனக்குப் பிடிக்காது. பிளஸ் டூ அண்ணன்களின் ப்ராஜெக்ட் எல்லாம் அதற்குள்ளேதானே இருக்கு?

கம்ப்யூட்டர் சார், வரும் சனிக்கிழமை ஒரு மணி நேரம் லேப்பைத் திறந்துவிடுங்கள். நீங்களும் பக்கத்தில் இருங்கள். ரப்பர் நாங்கள் கொண்டுவருகிறோம்.

– 11-ஆம் வகுப்பு மாணவன்