நாலுவழிச் சாலையில் சைக்கிளுக்கு என்ன வேலை?

தேசிய நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்டால், கூடாது என்றே பலரும் சொல்வார்கள். ஓட்டலாம் என்கிறது சட்டம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தைப் பொறுத்தவரை சைக்கிள் மோட்டார் வாகனமே அல்ல. அதற்கு ஓட்டுநர் உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம், காப்பீடும் வேண்டாம். தனியாக அறிவிக்கை போட்டுத் தடுத்த சாலைகளில்தான் அது நுழையக் கூடாது. ஒரு காலத்தில் விளக்கில்லாமல் போனாலும், ‘டபுள்ஸ்’ போனாலும் போலீஸ்காரர் மறித்துக் காற்றைப் பிடுங்கிவிட்ட வண்டி அது. இப்போது அதை யாரும் மறிப்பதில்லை. சாலை போடுகிறவர்களும் அதைக் கண்டுகொள்வதில்லை.

இந்த நிலை மாறக்கூடும். சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. பாதசாரிகளும் மோட்டார் இல்லாத வண்டிகளும் சாலையைப் பயன்படுத்துவது பற்றி மாநிலங்கள் ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்க வேண்டும் என்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த 138(1ஏ) பிரிவு அந்த அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கிறது. ‘ஒழுங்குபடுத்துதல்’ என்பது அந்தப் பிரிவின் சொல். அந்தச் சொல்லுக்குள் தனிப் பாதையும் அடங்கும், தடையும் அடங்கும். அதிகாரிகளுக்குத் தடைதான் சுலபம். ஒரு பலகை போதும்.

பலகை வைத்த ஊர் கொல்கத்தா. 2013இல் அந்நகரக் காவல்துறை 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. பால்காரரும் பேப்பர் போடுகிறவரும் சந்து சந்தாகச் சுற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் பட்டியல் சுருங்கியது. வேடிக்கை என்னவென்றால், 2015இல் அதே மாநில அரசு பள்ளி மாணவர்களுக்குச் சைக்கிள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. கொரோனா காலத்தில் பேருந்துக்கும் ரயிலுக்கும் வழியில்லாமல் போனபோது, தடுத்த சாலைகள் பலவற்றைத் தற்காலிகமாகத் திறந்துவிட வேண்டியும் வந்தது. பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் சைக்கிளோடு பைக்கும் ஆட்டோவும் போகக் கூடாது. அங்கே பக்கத்திலேயே சர்வீஸ் ரோடு ஓடுவதால் அந்தத் தடையிலாவது ஒரு நியாயம் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இந்த முரண் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையின் எழுத்தறிவு இயக்கமான அறிவொளி, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், கிராமத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏற்றியது. 2001க்குப் பிறகு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கிறது. கொடுக்கும் துறை ஒன்று. அந்தப் பிள்ளை ஓட்டிப்போகும் சாலையைப் போடும் துறை வேறு.

அந்தச் சாலையில் சைக்கிளுக்குக் கிடைப்பது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள ஓரம். அங்கே மணல் குவிந்திருக்கும், லாரி நின்றிருக்கும். லாரியைச் சுற்றிப்போக வலப்பக்கம் ஒதுங்கும் அந்த ஒரு நொடியில், பின்னால் வரும் கார் 80ஐத் தாண்டியிருக்கும். சைக்கிள் 15ஐத் தொட்டிருக்காது. எதிர்த்திசையில் வருகிறார்கள் என்று திட்டுவதும் வழக்கம். எதிரே தெரியும் வயலுக்குப் போக, சென்டர் மீடியன் திறப்பைத் தேடி ஒன்றிரண்டு கிலோமீட்டர் மிதித்துவிட்டுத் திரும்ப வேண்டுமென்றால், யார்தான் குறுக்கே போகமாட்டார்கள்?

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளிலும் விரைவுச் சாலைகளிலும் இறந்தார்கள். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் இவற்றின் பங்கு சுமார் 2 சதவீதம்தான்.

எங்கே தனிப் பாதை வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. மணிக்கு 200 மோட்டார் வாகனங்களுக்கு மேல் போகும் சாலையில் 100 சைக்கிள் வந்தாலே தனித்தடம் போடலாம் என்று சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962இலேயே எழுதிவைத்தது. தரம் தவறிச் சாலை போட்டு அதனால் உயிர் போனால், ஒப்பந்ததாரருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ பிரிவும் இருக்கிறது.

ஆகவே மாநில விதியில் முதலில் இடம்பெற வேண்டியது, சர்வீஸ் ரோடு இல்லாத நெடுஞ்சாலையில் சைக்கிளைத் தடுக்கக் கூடாது என்பது. அடுத்தது, பள்ளி உள்ள ஒவ்வொரு ஊரிலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்க ஒரு சுரங்கப்பாதை. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காத சுரங்கப்பாதை.