ஆங்கிலச் சொல்வரிசையும் ஸ்பானிய மாணவரும்



ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்க்கு ஆங்கிலச் சொல்வரிசையைக் கற்பிப்பது எளிது என்பர் சிலர். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்பதே இரு மொழிகளுக்கும் பொதுவான வரிசை. பெயரடை நிற்கும் இடம் மட்டுமே வேறு என்பது அவர்தம் வாதம். இதில் எனக்கு உடன்பாடில்லை.

ஸ்பானிய மொழியில் வினையின் விகுதியே செய்தவரைக் காட்டிவிடும். 'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்' என்பது பொருள், 'நான்' வேண்டியதில்லை. தமிழராகிய நமக்கு இது புதிதன்று. 'யுவேவே' என்னும் ஒற்றைச் சொல்லே 'மழை பெய்கிறது' என்னும் முழு வாக்கியமாகும். இப்பழக்கத்தால் மாணவர் 'இஸ் ரெய்னிங்' என எழுதுகிறார். ஆசிரியர் அதனைக் கவனக்குறைவு எனக் கருதி மதிப்பெண்ணைக் குறைக்கிறார். பொருளற்ற 'இட்' எதற்கு என்று அம்மாணவர் வினவினால் 'அதுதான் விதி' என்பதே பெரும்பாலும் விடை!

ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன்னர் ஆங்கிலத்திலும் வேற்றுமை உருபுகள் இருந்தன. அவை பெரும்பாலும் தேய்ந்தபின், யார் செய்தார், யாரைச் செய்தார் என்பதைச் சொல் நிற்கும் இடமே உணர்த்தலாயிற்று. எனவேதான் எழுவாயின் இடம் வெறுமையாக இருத்தலாகாது. இக்காரணத்தைத்தான் முதற்பாடமாக வைக்க வேண்டும் என்பேன்.

'தொலைபேசியில் அழைத்தவர் யார்?' என்று ஸ்பானிய மொழியில் கேட்டால், 'யமோ ஹுவான்' என்பது இயல்பான விடை. வினை முன்னும், புதிய செய்தியாகிய பெயர் பின்னும் வரும். 'யமோ ஆ ஹுவான்' என்றாலோ 'ஹுவானை அழைத்தார்' என்றாகிவிடும். ஆட்பெயர் செயப்படுபொருளாக வரும்போது அதன் முன் நிற்கும் அந்த 'ஆ', நம் 'ஐ' உருபின் பணியைச் செய்கிறது. ஆங்கிலத்திலோ அத்தகைய உருபு இல்லை. 'கால்ட் ஹுவான்' என்று மாணவர் சொன்னால், அழைத்த ஹுவான் அழைக்கப்பட்டவனாகிவிடுகிறான். இங்கே பிழை அழகைப் பற்றியதன்று, பொருளே தலைகீழாகிறது. 'ஹுவான் கால்ட்' எனப் பெயரை முன்வைத்து, அதனை அழுத்தி ஒலிக்கப் பழக்குவதே தீர்வு. ஸ்பானியம் இடத்தால் காட்டும் அழுத்தத்தை ஆங்கிலம் குரலால் காட்டுகிறது. பயிற்சி நூல்கள் தாளிலேயே நின்றுவிட்டால் இது எப்படி விளங்கும்?

பெயரடையைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. 'ஹவுஸ் வைட்' என்று சொன்னாலும் வெள்ளை வீடு என்பது கேட்பவர்க்குப் புரியும். சில நாள் பழக்கத்தில் சரியாகிவிடும். 'ஐ லைக் வெரி மச் மியூசிக்' என வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையே புகும் வினையடையோ எளிதில் போகாது. அதைப் பிறிதொரு நாள் விரிவாகப் பார்ப்போம்.